மென்பொருள் பணியும் கணினி அறிவியல் பட்டமும்: எர்ணாவூரிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

எர்ணாவூர், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையே, வங்கக் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவில் அமைந்த வடசென்னைப் பகுதி. 2011-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டபோது இப்பகுதி மாநகரின் முதல் மண்டலத்துக்குள் வந்தது. மீன்பிடித் தொழில், துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள், சுற்றிலும் உள்ள தொழிற்சாலைகள் ஆகியவை இப்பகுதி மக்களின் வாழ்வாதாரங்கள். 2004 சுனாமியில் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளும் இங்கு உள்ளன.

சென்னையின் மென்பொருள் நிறுவனங்கள் பெரும்பாலும் நகரின் மறுமுனையில் உள்ளன. தரமணியில் டைடல் பூங்கா 2000-ல் திறக்கப்பட்டது. அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலை வழியே நிறுவனங்கள் தெற்கு நோக்கி வளர்ந்தன. எர்ணாவூரிலிருந்து சிறுசேரி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அரசின் பொறியியல் கல்வி நிலையங்களும் தெற்கில்தான் அமைந்தன. கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., அடையாறை அடுத்த ஐ.ஐ.டி., தரமணி மத்திய பாலிடெக்னிக் அனைத்தும் கூவத்துக்குத் தெற்கே உள்ளவை.

மென்பொருள் பொறியாளராவதற்குக் கணினி அறிவியல் பட்டம் தேவையா என்ற கேள்வி பல இடங்களில் திறமையைப் பற்றிய விவாதமாகவே எழுகிறது. எர்ணாவூர் போன்ற ஒரு பகுதியில் அதற்கு வேறொரு கனம் உண்டு. அங்கே அது நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணத்தையும், அந்த நான்கு ஆண்டுகள் வீட்டுக்கு வராத சம்பளத்தையும், நாள்தோறும் இரண்டு வேளைப் பயணத்தையும் பற்றிய கேள்வி. இந்தியாவில் மென்பொருள் தொழிலின் வரலாறு இக்கேள்விக்குக் காலத்துக்குக் காலம் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது.

தொழிற்சாலைக் காலம்

கணினிக்கு முன்பே இப்பகுதி இதே கேள்வியை இயந்திரங்களை முன்னிட்டுச் சந்தித்திருந்தது. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கியதுதான் பிற்கால எம்.ஆர்.எஃப். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பட்டது. அது 1955-ல் அசோக் லேலண்ட் ஆகி, எண்ணூரில் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் அடிச்சட்டங்கள் செய்தது. 1950களின் நடுவில் என்ஃபீல்டு இந்தியாவும் கார்போரண்டம் யுனிவர்சலும் திருவொற்றியூரில் வந்தன. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர் இன்றும் ரயில் நிலையத்திலும் மெட்ரோ நிலையத்திலும் நிற்கிறது.

இத்தொழிற்சாலைகளின் இயந்திரங்களை இயக்கியவர்களில் பொறியியல் பட்டதாரிகள் மிகச் சிலரே. ஐ.டி.ஐ. முடித்த ஃபிட்டர், டர்னர், வெல்டர், மோட்டார் மெக்கானிக் ஆகியோரே பெரும்பான்மை. 1961-ன் தொழிற்பழகுநர் சட்டம் தொழிற்சாலைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்றும், பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை தர வேண்டும் என்றும் விதித்தது. மக்கள் வழக்கில் இது ‘அப்ரண்டீஸ்’. சேர்ந்த பையன் முதல் மாதத்திலிருந்தே வீட்டுக்கு ஒரு தொகை கொண்டுவந்தான். பயிற்சி முடிவில் தேர்வும் தேசியச் சான்றிதழும் உண்டு. 1973-ல் சட்டம் திருத்தப்பட்டு, பட்டதாரிகளும் பட்டயதாரர்களும் இதில் சேர்க்கப்பட்டனர்.

வேலையில் இருந்துகொண்டே பொறியாளராக உயர விரும்பியவர்களுக்கு ஏ.எம்.ஐ.இ. என்ற தேர்வு இருந்தது. 1920-ல் சென்னையில் பதிவு செய்யப்பட்ட இந்தியப் பொறியாளர் கழகம் நடத்திய இத்தேர்வுக்குக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. ஷிப்ட் முடிந்து வந்து படித்து, ஆண்டுக்கு இரண்டு மூன்று தாள்களாக எழுதி முடிக்கலாம். தேறியவர்கள் வேலைவாய்ப்பில் பி.இ. பட்டதாரிக்கு நிகராகக் கருதப்பட்டனர். முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும், நடுவில் விட்டவர்களே அதிகம். ஆனாலும் கதவு திறந்திருந்தது. 2013 மே மாதத்துக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு இந்த நிகர்மை அங்கீகாரம் நிறுத்தப்பட்டது.

பட்டம் வருவதற்கு முன் வந்த நிரலர்கள்

கணினி அறிவியல் என்ற பட்டம் நிரல் எழுதும் தொழிலைவிட இளையது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1953-ல் கணினிப் பட்டய வகுப்பைத் தொடங்கியது. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் 1962-ல் தனித்துறை அமைத்தது. அதற்கு முன்பே வானிலை, வங்கி, இராணுவம், அணு ஆய்வு ஆகிய துறைகளில் நிரலர்கள் வேலை செய்துகொண்டிருந்தனர். நெதர்லாந்தின் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1957-ல் தம் திருமணப் பதிவில் தொழில் ‘நிரலர்’ என்று எழுதச் சொன்னபோது, அப்படி ஒரு தொழிலே இல்லை என்று அதிகாரிகள் மறுத்தனர் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பதிவேட்டில் ‘கோட்பாட்டு இயற்பியலாளர்’ என்று எழுத வேண்டியதாயிற்று.

இந்தியாவில் உருவாக்கப்பட்ட தொடக்ககாலக் கணினிகளுள் முக்கியமானது பம்பாய் டாடா ஆய்வு நிறுவனத்தின் டிஃப்ராக். 1960-ல் இயங்கத் தொடங்கிய அதன் ஆக்கக்குழுவுக்குத் தலைமை வகித்தவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன். அவர் கிண்டியில் படித்தது தொலைத்தொடர்புப் பொறியியல், அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்றது கணிதத்தில். கணினி அறிவியலில் பட்டம் பெற அன்று வழியே இல்லை.

1963-ல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 1620 கணினி வந்தது. அங்கு ஆசிரியராக இருந்த, ஈரோட்டில் பிறந்த வி. இராஜாராமன் தில்லியில் இயற்பியலும், பெங்களூரு, மாசசூசெட்ஸ், விஸ்கான்சின் ஆகிய இடங்களில் மின்பொறியியலும் கற்றவர். அக்கணினியைக் கொண்டு ஆய்வாளர்களுக்கும் நிறுவன ஊழியர்களுக்கும் பத்து நாள் அளவிலான தீவிரப் பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டன. இந்தியாவின் முதல் தலைமுறை நிரலர்களில் பலர் இத்தகைய வகுப்புகளிலிருந்தே வந்தனர். நான்கு ஆண்டு, இரண்டு ஆண்டு என்று இன்று பேசப்படும் இடத்தில் அன்று பத்து நாள் என்பது வியப்பாகத் தோன்றலாம். அவ்வகுப்புகளில் உட்கார்ந்தவர்கள் கணிதமோ பொறியியலோ ஏற்கெனவே நன்கு அறிந்தவர்கள் என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

1960களின் இறுதியில் இந்திய ரயில்வே ஐ.பி.எம். 1401 கணினிகளைச் சம்பளப் பட்டியல், சரக்குக் கணக்கு ஆகியவற்றுக்காக நிறுவியது. அவற்றுக்கு நிரலர்களாகப் பெரும்பாலும் பணியில் இருந்த ஊழியர்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர். தர்க்கத் திறனைச் சோதிக்கும் தேர்வு ஒன்றை வைத்து ஆளெடுப்பது உலகெங்கும் அன்றைய வழக்கம். ஐ.பி.எம். நிறுவனமே அதற்கென ஒரு தேர்வை வடிவமைத்திருந்தது.

பட்டப்படிப்பு மெல்லத்தான் வந்தது. கான்பூரில் கணினி அறிவியல் பி.டெக். 1978-ல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973-ல் கணினித் துறை ஏற்பட்டபோதும் இளநிலைப் படிப்பு 1980களில்தான் வந்தது. ஆகவே 1970களில் டி.சி.எஸ். போன்ற நிறுவனங்கள் வளர்ந்தபோது அவற்றில் சேர்ந்தவர்கள் மின்பொறியாளர்களும் கணிதப் பட்டதாரிகளும்தான். டி.சி.எஸ்.ஸை வளர்த்த எஃப்.சி. கோலி மின்பொறியாளர். 1976-ல் எச்.சி.எல். தொடங்கப்பட்டபோது அதன் நிறுவனர்களுள் ஒருவராக இருந்த, தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான சிவ் நாடார், கோவை பி.எஸ்.ஜி.யில் படித்ததும் மின்பொறியியலே.

எம்.சி.ஏ.வும் தெருமுனைப் பயிற்சி மையமும்

1980-ஐ ஒட்டி, கணினித் துறைக்கு எத்தனை பேர் தேவைப்படுவர் என்பதை ஆராய மின்னணுவியல் ஆணையம் இராஜாராமன் தலைமையில் ஒரு குழு அமைத்தது. பொறியியல் கல்லூரிகள் தரக்கூடிய எண்ணிக்கை போதாது என்பது தெளிவாகவே, பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களைக் கணினித் துறைக்குக் கொண்டுவரும் மூன்றாண்டுப் படிப்பாக எம்.சி.ஏ. பரிந்துரைக்கப்பட்டது. 1982 முதல் பல்கலைக்கழகங்கள் இதைத் தொடங்கின. பொறியியல் இடம் கிடைக்காத கலை அறிவியல் மாணவருக்கு இது இரண்டாவது வாசல்.

இவ்வழியில் வந்தவர்களுள் பரவலாக அறியப்பட்டவர் நாமக்கல் மாவட்டம் மோகனூரைச் சேர்ந்த நடராஜன் சந்திரசேகரன். ஊர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, கோவையில் பயன்பாட்டு அறிவியல் பட்டமும், 1986-ல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் எம்.சி.ஏ.வும் முடித்தார். 1987-ல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்து 2009-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கும் 2017-ல் டாடா சன்ஸ் தலைமைக்கும் வந்தார்.

கல்லூரிக்கு வெளியேயும் ஒரு கல்வி வளர்ந்தது. 1981-ல் என்.ஐ.ஐ.டி., 1986-ல் ஆப்டெக் தொடங்கப்பட்டன. சென்னையில் எஸ்.எஸ்.ஐ., ரேடியன்ட், சி.எஸ்.சி. போன்ற பெயர்கள் 1990களில் பேருந்து நிறுத்தந்தோறும் பலகையாகத் தொங்கின. காலையில் கல்லூரி, மாலையில் ‘கம்ப்யூட்டர் கிளாஸ்’ என்பது ஒரு தலைமுறையின் அன்றாடம். இம்மையங்களின் தரம் சீராக இல்லை. சில இடங்களில் நல்ல ஆசிரியர், சில இடங்களில் குளிர்சாதன அறையும் அழகிய சான்றிதழும் மட்டுமே. இதை ஒழுங்குபடுத்த மத்திய அரசின் மின்னணுவியல் துறையும் இந்தியக் கணினிக் கழகமும் 1990-ல் டோயக் திட்டத்தைக் கொண்டுவந்தன. அதில் ஓ, ஏ, பி, சி என நான்கு நிலைகள். கல்லூரிக்குப் போகாமலே எழுதலாம். பி நிலை எம்.சி.ஏ.க்கு இணையாகக் கருதப்பட்டது. தொழிற்சாலைக் காலத்து ஏ.எம்.ஐ.இ.யின் கணினி வடிவம் என்று இதைச் சொல்லலாம். அரசுக் கணினிப் பணிகளுக்கான தகுதியில் பி நிலை இடம்பெற்றது. தனியார் நிறுவனங்களோ இதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை.

2000-ஆம் ஆண்டுச் சிக்கல் நெருங்கியபோது கோபால் தெரிந்த எவரும் தேவைப்பட்டனர். ஆண்டை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்த பழைய நிரல்களைத் திருத்தும் வேலை அது. தாவரவியல் படித்தவரும் வணிகவியல் படித்தவரும் ஆறு மாத வகுப்பு முடித்து வெளிநாடு சென்ற கதைகள் அக்காலத்துக்குரியவை. 2001-ல் அமெரிக்க இணைய நிறுவனங்கள் சரிந்ததும் அந்தக் கதவு மூடியது. ஆள் போதாதபோது தகுதி தளர்வதும், ஆள் மிகும்போது இறுகுவதும் இத்தொழிலில் திரும்பத் திரும்ப நடந்துள்ளது.

இதே காலத்தில் தமிழைக் கணினியில் ஏற்றியவர்களின் பின்னணியும் குறிப்பிடத்தக்கது. மயிலை எழுத்துருவை உருவாக்கியவரும், 1998-ல் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவருமான கு. கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலாளர். 1995-ல் இணையத்தில் தமிழை ஏற்றியவர்களுள் முன்னோடியான சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி தமிழாசிரியரும் எழுத்தாளருமாவார். தேவை அவர்களைக் கணினிக்குள் இழுத்தது. எனினும் இருவருக்கும் ஊதியம் தந்த வேறொரு பணி இருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பிழைப்புக்காக நிரல் கற்க வரும் ஓர் இளைஞருக்கு அந்த வசதி இருப்பதில்லை.

எந்தப் பட்டமானாலும், ஏதோ ஒரு பட்டம்

தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் 1984-ல் அனுமதிக்கப்பட்டன. கால் நூற்றாண்டில் அவை ஐந்நூறைத் தாண்டின. வடசென்னைக்காரர்களுக்கு எட்டக்கூடிய தொலைவில் 1995-ல் கவரைப்பேட்டையில் ஆர்.எம்.கே., சூரப்பட்டில் வேலம்மாள் பொறியியல் கல்லூரிகள் வந்தன. கவரைப்பேட்டை, விம்கோ நகரும் கத்திவாக்கமும் உள்ள அதே கும்மிடிப்பூண்டி ரயில் பாதையில் இருக்கிறது. 2007 முதல் பொறியியல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. 2010-ல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு வந்ததுடன், அவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்றது.

பெரிய மென்பொருள் நிறுவனங்கள் கல்லூரி வளாகங்களுக்கே வந்து ஆளெடுக்கத் தொடங்கின. அவை கணினிப் பிரிவு மாணவர்களை மட்டும் எடுக்கவில்லை. இயந்திரவியல், கட்டுமானம், வேதிப்பொறியியல் என எல்லாப் பிரிவுகளிலிருந்தும் எடுத்தன. தேர்வானவர்களை இன்ஃபோசிஸ் மைசூருக்கும் டி.சி.எஸ். திருவனந்தபுரத்துக்கும் அனுப்பிச் சில மாதங்கள் நிரலாக்கம் கற்பித்தன. அப்பயிற்சியில் தேறிய கட்டுமானப் பொறியாளர் மறுமாதமே ஏதோ ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் ஜாவா நிரலில் வேலை செய்தார்.

இந்த நடைமுறையில் ஒரு முரண் இருக்கிறது. பாலம் கட்டப் படித்தவரைச் சில மாதங்களில் நிரலராக்க முடியும் என்று நிறுவனங்களே ஆண்டுதோறும் நிரூபித்தன. அப்படியானால் நான்கு ஆண்டுக் கணினி அறிவியல் கட்டாயமில்லை. ஆனால் ஐ.டி.ஐ. முடித்தவரையோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரையோ அதே பயிற்சிக்கு அவை எடுக்கவில்லை. கேட்கப்பட்டது கணினி அறிவியல் பட்டம் என்பதைவிட, ஏதோ ஒரு பொறியியல் பட்டம்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, சல்லடை. சில ஆயிரம் இடங்களுக்குப் பல்லாயிரம் பேர் வரும்போது ஒவ்வொருவரின் நிரலாக்கத் திறனையும் சோதிப்பது செலவு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி மூன்றிலும் 60 விழுக்காடு, அரியர் கூடாது என்ற விதி கூட்டத்தை ஒரே நாளில் பாதியாக்கிவிடும். பத்தாம் வகுப்பில் தந்தையின் வேலை போய்க் குடும்பம் தடுமாறியதால் 56 விழுக்காடு வாங்கிய மாணவர், பின்னர் எவ்வளவு நன்றாக நிரல் எழுதினாலும், அந்த விதியின் முன் நிற்க முடியாது.

மற்றொன்று, விசா. இந்திய நிறுவனங்களின் வருவாய் பெரும்பாலும் அமெரிக்க வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது. ஊழியரை அங்கே அனுப்ப எச்-1பி விசா வேண்டும். 1990-ன் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் அதற்குத் துறை சார்ந்த இளநிலைப் பட்டம் அல்லது அதற்கு ஈடானதைக் கோருகிறது. பட்டம் இல்லாதவருக்கு மூன்று ஆண்டுப் பணி அனுபவம் ஓர் ஆண்டுப் படிப்புக்குச் சமமாகக் கணக்கிடப்படும். அமெரிக்க இளநிலைப் பட்டம் நான்கு ஆண்டு என்பதால், இந்தியாவின் மூன்றாண்டு பி.எஸ்சி. தனித்து நிற்கும்போது பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. நான்கு ஆண்டு பி.இ.யும், பட்டத்தின் மேல் மூன்றாண்டாக அமைந்த எம்.சி.ஏ.வும் விரும்பப்பட்டதில் இக்கணக்குக்கும் பங்குண்டு. விப்ரோ 1995-ல் பி.எஸ்சி. பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, வேலையோடு பிலானி பிட்ஸ் நிறுவனத்தின் முதுநிலைப் பட்டம் படிக்க வைத்த திட்டத்தையும் இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம். ஊழியருக்குத் தேவையான அறிவும் கிடைத்தது, நிறுவனத்துக்குத் தேவையான தாளும் கிடைத்தது.

சட்டத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் இருப்பது போன்ற பதிவுரிமை மென்பொருள் பொறியாளருக்கு இல்லை. எவரும் அப்பெயரில் பணியாற்றலாம். அமெரிக்காவில் மென்பொருள் பொறியாளர்களுக்கு உரிமத் தேர்வு ஒன்று 2013-ல் தொடங்கி, எழுதுவோர் மிகக் குறைந்ததால் 2019-ல் கைவிடப்பட்டது.

பட்டம் கேட்காத ஒரு நிறுவனம்

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஜோஹோ இவ்வரலாற்றில் ஒரு விலகல். அதன் நிறுவனர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டனிலும் மின்பொறியியல் படித்தவர். ஊழியர்களின் கல்லூரி மதிப்பெண்ணுக்கும் பணித் திறனுக்கும் தொடர்பு காண முடியவில்லை என்பது நிறுவனம் கூறும் காரணம். 2004–05-ல் அது தன் வளாகத்திலேயே ஒரு பள்ளியைத் தொடங்கியது. முதல் அணியில் ஆறு மாணவர்கள். பன்னிரண்டாம் வகுப்போ பட்டயமோ முடித்தவர்களுக்குக் கணிதம், ஆங்கிலம், நிரலாக்கம் கற்பிக்கப்பட்டன. கட்டணம் கிடையாது, மாறாக மாத உதவித்தொகை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நிறுவனத்திலேயே வேலை. பட்டமோ அதற்கு இணையான சான்றோ தரப்படுவதில்லை.

இது சென்னையில் பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. எண்ணூர்ப் பக்கத்துப் பழைய தொழிலாளி ஒருவருக்கு இதில் புதுமை அதிகம் தெரிந்திருக்காது. கட்டணமின்றிச் சேர்த்து, உதவித்தொகை தந்து, வேலைத்தளத்திலேயே கற்பித்து, முடிவில் வேலையில் அமர்த்துவது என்பது அவர் அறிந்த அப்ரண்டீஸ் முறையேதான். ஜோஹோ ஒரு பணிக்குழு நிறுவனமாக இல்லாமல் தன் சொந்த மென்பொருளை விற்கும் நிறுவனமாக இருந்ததும் இதைச் சாத்தியமாக்கியது. ஊழியரை வாடிக்கையாளரின் அலுவலகத்துக்கு விசா எடுத்து அனுப்ப வேண்டிய கட்டாயம் அதற்குக் குறைவு.

பட்டமின்றி இத்தொழிலுக்கு வந்தவர்களின் வரலாற்றை ஒருசேரப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. அவர்களுள் மிகச் சிலரே முற்றிலும் தனியாகக் கற்று வந்தவர்கள். கான்பூரின் பத்து நாள் வகுப்பு, ரயில்வேயின் உள்பயிற்சி, டோயக் தேர்வு, விப்ரோவின் வேலையோடு படிப்பு, ஜோஹோவின் பள்ளி என ஒவ்வொரு முறையும் பட்டத்தின் இடத்தில் ஏதோ ஓர் அமைப்பு நின்று, கற்பிக்கும் பொறுப்பையும் செலவையும் சுமந்தது. வெளிநாட்டில் கல்லூரியை விட்டுவிட்டுக் கோடீசுவரரானவர்களின் கதைகள் நம் ஊர்களில் மிகுதியாகச் சொல்லப்படுகின்றன. அவர்களில் சிலர் விட்டது ஹார்வர்டு என்பதும், தோற்றிருந்தால் அங்கேயே திரும்பியிருக்கலாம் என்பதும் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை.

ஜோஹோ முறையிலும் ஒரு குறை உண்டு. அங்கே பெற்ற பயிற்சி அந்நிறுவனத்துக்குள் முழு மதிப்புடையது. வெளியே வந்து பட்டம் கேட்கும் வேறொரு நிறுவனத்துக்கோ அரசுத் தேர்வுக்கோ விண்ணப்பிக்கும்போது அது பன்னிரண்டாம் வகுப்பாகவே எண்ணப்படலாம். அரசுப் பள்ளிக் கணினிப் பயிற்றுநர் பணிக்குப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும். 2010களின் பிற்பகுதியில் எச்.சி.எல். தொடங்கிய டெக்பீ திட்டம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை எடுத்துப் பயிற்சி தந்து, வேலையோடு சாஸ்த்ரா, பிட்ஸ் போன்ற நிறுவனங்களில் பட்டமும் படிக்க வகை செய்தது. பட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்று சொல்ல அந்நிறுவனமும் துணியவில்லை.

பாடத்தில் இருப்பது என்ன

பட்டம் வெறும் தாள் என்று முடிவு கட்டுவதும் பிழை. கணினி அறிவியல் படிப்பின் மையத்தில் தரவுக் கட்டமைப்புகள், படிமுறைகள், இயங்குதளம், கணினி வலையமைப்பு, தரவுத்தளம், நிரல்பெயர்ப்பி, தனிநிலைக் கணிதம் ஆகிய பாடங்கள் உள்ளன. இவற்றின் பயன் தொடக்கத்தில் தெரிவதில்லை, அளவு பெருகும்போது தெரிகிறது.

10 லட்சம் பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலில் ஒரு பெயரைத் தேடுவதை எடுத்துக்கொள்ளலாம். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் 10 லட்சம் முறை ஒப்பிட நேரலாம். பட்டியல் அகர வரிசையில் இருந்தால் நடுப்பெயரைப் பார்த்து, தேவையற்ற பாதியைத் தள்ளி, மீதியின் நடுவைப் பார்த்து என்று போகலாம். 20 ஒப்பீடுகளில் தேடல் முடியும், ஏனெனில் இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576 வருகிறது. நூறு பெயர்களைக் கொண்டு சோதிக்கும் நிரலருக்கு இரண்டு முறைகளும் ஒரே வேகமாகத் தோன்றும். ரேஷன் அட்டை எண்களையோ ரயில் முன்பதிவையோ கையாளும் நிரலில் அந்த வேறுபாட்டால் கணினியே திணறும்.

இதைக் கல்லூரியில்தான் கற்க வேண்டும் என்பதில்லை. இராஜாராமன் 1969 முதல் எழுதிய மலிவு விலைப் பாடநூல்களைக் கொண்டே பலர் நிரலாக்கம் கற்றனர். ஆனால் தனியாகக் கற்பவர் எதைக் கற்க வேண்டும் என்பதை முன்கூட்டி அறிய மாட்டார். பாடத்திட்டத்தின் உண்மையான பயன் அந்த வரிசையில் இருக்கிறது. கூடவே, பொறியியல் முதலாண்டில் கணினி மாணவரும் வேதியியலும் பொறியியல் வரைபடமும் படித்தாக வேண்டும் என்பதும், பல கல்லூரிகளில் நிரல் எழுதும் ஆய்வக வகுப்பு பதிவேட்டை நிரப்பும் வகுப்பாகவே முடிவதும், அந்த வரிசையைப் பெறக் கொடுக்கும் விலையில் சேர்கின்றன.

அண்மைக் காலம்

2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் விலையில்லா மடிக்கணினி தரத் தொடங்கியது. கணினி இல்லாத வீடுகளுக்குள் அது முதன்முறையாக வந்தது. 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் கல்லூரி மாணவர்களுக்குத் தொழில் சார்ந்த பாடங்களைக் கொண்டுசென்றது. எம்.சி.ஏ. 2020–21 முதல் இரண்டு ஆண்டாகக் குறைக்கப்பட்டது.

பட்டத்துக்கும் பட்டமின்மைக்கும் இடையிலான கோட்டை அதிகம் அசைத்தது 2020-ல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பு. இதற்கு ஜே.இ.இ. தேவையில்லை. சில வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். பாடங்களை வீட்டிலிருந்தே படித்து, தேர்வை மட்டும் மையத்துக்குச் சென்று எழுதலாம். அடிப்படைச் சான்றிதழ், பட்டயம், மூன்றாண்டுப் பட்டம், நான்காண்டுப் பட்டம் என எந்தப் படியிலும் விலகலாம். விலகும்போது கையில் ஒரு சான்று இருக்கும். குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிப்போரும் பிற கல்லூரியில் படித்துக்கொண்டே சேர்ந்தோரும் இதில் உள்ளனர். பாடங்கள் ஆங்கிலத்தில் என்பதும், ஒரு அறை வீட்டில் மாலையில் வகுப்பு கேட்க இடம் வேண்டும் என்பதும் நுழைவுத் தேர்வில் சேராத தடைகள்.

2021 பிப்ரவரி 14 அன்று மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. எர்ணாவூரிலிருந்து கிண்டிக்கு ஒரே வண்டியில் போகலாம், சிறுசேரிக்கு இன்னும் முடியாது. தொழிற்பழகுநர் சட்டம் 2014-ல் மீண்டும் திருத்தப்பட்டு, தொழிற்சாலை அல்லாத துறைகளிலும் நிறுவனங்கள் தாமே வகுக்கும் பணிகளுக்குப் பழகுநர்களைச் சேர்க்க வழி செய்யப்பட்டது. தகவல் தொழில்நுட்பப் பணிகளும் அதில் அடங்கும். ஐ.டி.ஐ.க்களில் ‘கோபா’ எனப்படும் கணினி இயக்குநர், நிரலாக்க உதவியாளர் பிரிவு நெடுங்காலமாக உள்ளது. அதில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், காலம் ஓர் ஆண்டு. அப்பிரிவை முடித்தவர்களைத் தரவு உள்ளீட்டுக்கும் அலுவலக உதவிக்கும் நிறுவனங்கள் பழகுநர்களாக எடுக்கின்றன, நிரல் எழுதும் பணிக்கு எடுப்பது அரிது.